வடிவமா, நிறமா, பேரா: ஊர்வலத்துக்கு எந்தச் சினிமாக் கார்?

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் நான் ஸ்டிக்கர் கடை நடத்துகிறேன். ரெண்டு கடை தள்ளி அண்ணனுடைய டிங்கரிங் பட்டறை. நசுங்கிய வண்டி முதலில் அவரிடம் போகும், பிறகு என்னிடம் வரும். 2024 மே மாதம் ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டியில் கல்கி 2898 ஏடி படத்துக் காரான புஜ்ஜியை ஓட்டிக் காட்டினார்கள். அந்த வாரமே எங்கள் ஊர் கிளப் பையன்கள் ஐந்தாறு பேர் போனை நீட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்கள்.

"அக்கா, இதைச் செஞ்சது நம்ம கோயமுத்தூர்லதானாமா. மாரியம்மன் பொங்கல் ஊர்வலத்துக்கு நாமளும் ஒண்ணு பண்ணிப்போடலாங்க்கா."

அவர்கள் சொன்னது சரிதான். மஹிந்திராவின் பொறியாளர்களும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து கட்டிய வண்டி அது. வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டினால் எங்களுக்குக் கோவை பக்கம். அங்கே ஒரு பட்டறையில் முடிந்தது இங்கேயும் முடியும் என்று பையன்களுக்குத் தோன்றியதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் கிளப்பில் திரட்டக்கூடிய பணம் ஒன்றரை லட்சம். டிங்கரிங் அண்ணனுடையது, ஸ்டிக்கர் என்னுடையது, இரண்டுக்கும் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அந்தப் பணத்துக்குள் எந்த வண்டியை, எந்த முறையில் செய்வது? ஒரு மாதம் இதையே பேசினோம். வேறு ஊர்க் கிளப்பிலும் இந்தப் பேச்சு எழும் என்பதால், நாங்கள் எதை எதோடு வைத்துப் பார்த்தோம் என்று எழுதுகிறேன்.

முதல் வாரத்திலேயே ஏழு வண்டிகள் பட்டியலில் ஏறிவிட்டன. புஜ்ஜி. 1966 டிவி தொடரில் வந்த பேட்மேன் கார். காலத்தில் பின்னோக்கிப் போகும் படத்தின் டெலோரியன். தானாகப் பேசும் கருப்பு கார் கிட். மிஸ்டர் பீனின் பச்சை மினி. ரஜினி ஓட்டிய லட்சுமி டாக்ஸி. மோகன்லால் ஓட்டிய சுந்தரி ஆட்டோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி இருந்தது, ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதனால் நான் ஒரு வேலை செய்தேன். கருப்பு வினைலில் ஏழு வண்டிகளின் பக்கவாட்டு உருவத்தை மட்டும் பிளாட்டரில் (ஸ்டிக்கர் வெட்டும் மெஷினில்) வெட்டிக் கடையின் கண்ணாடிக் கதவில் வரிசையாக ஒட்டினேன். பேர் எழுதவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், ரேஷன் கடைக்குப் போகும் பெண்கள், மரமேறிவிட்டு டீக்கு நிற்பவர்கள் என எல்லோரிடமும் இது என்ன வண்டி என்று கேட்டேன்.

பேட்மேன் காரைப் பிள்ளைகள் சாலைக்கு அந்தப் பக்கமிருந்தே கத்திச் சொன்னார்கள். பின்னால் வௌவால் இறக்கை, மேலே ரெண்டு கண்ணாடிக் குமிழ், அது போதும் அவர்களுக்கு. கதவு தூக்கிய டெலோரியனை "இறக்கை வெச்ச காரு" என்றார்கள், படம் பேர் தெரியவில்லை. புஜ்ஜியை இளவட்டங்கள் உடனே சொன்னார்கள். கிட்டின் உருவம் எல்லோருக்கும் வெறும் காராகத் தெரிந்தது. லட்சுமியைப் "பியட் வண்டி" என்றார்கள். சுந்தரி வெறும் "ஆட்டோ".

மினிக்கு வந்த பதில்தான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. அத்தனை பேரும் சொன்னது: "மாருதிங்களா?"

மறுநாள் அதே மினி உருவத்தை வெளிர்பச்சையில் வெட்டி, முன்பக்க பானெட்டை மட்டும் கருப்பாக்கி ஒட்டினேன். எல்.கே.ஜி. படிக்கும் குழந்தை அம்மாவின் கையை இழுத்து "பீன் வண்டி" என்றது. உருவத்தில் ஒரு கோடு மாறவில்லை. மாறியது நிறம் மட்டும்.

அன்றைக்கே எனக்கு வழி தெரிந்துவிட்டது. சில வண்டிகளை ஜனங்கள் வடிவத்தால் அடையாளம் காண்கிறார்கள், சிலவற்றை நிறத்தால், சிலவற்றைப் பேரால். வடிவத்தால் தெரியும் வண்டிக்குத் தகரம் வெட்டியாக வேண்டும். நிறத்தால் தெரிவதற்கு ஸ்டிக்கர் போதும். பேரால் தெரிவதற்கு ஒரு பெயின்டர் போதும், ஆனால் அந்தப் பேர் தெரிந்த கூட்டம் வேண்டும். எந்தக் கார் என்று முடிவு செய்த கையோடு எந்த முறை, எவ்வளவு செலவு, எவ்வளவு வம்பு என்பதும் முடிவாகிவிடுகிறது.

வடிவக் கார்களில் பேட்மேன் காரைத்தான் நாங்கள் அதிகம் ஆராய்ந்தோம், ஏனென்றால் அண்ணனுக்கு அதன்மேல் ஆசை. அதன் கதையே டிங்கரிங் வேலை செய்யும் யாருக்கும் பாடம். அது படத்துக்காகப் புதிதாக வார்த்த வண்டி இல்லை. ஃபோர்டு கம்பெனியின் லிங்கன் பிரிவுக்காக இத்தாலியில் டூரின் நகரத்து கியா பட்டறை கையால் அடித்துச் செய்த 1955-ஆம் ஆண்டுக் கண்காட்சிக் கார், பேர் ஃப்யூச்சுரா. அன்றைக்கே அதற்கு ஏறக்குறைய இரண்டரை லட்சம் டாலர் ஆனது. கண்காட்சிக் காலம் முடிந்ததும் அதைக் கேட்பாரில்லை. ஜார்ஜ் பாரிஸ் என்ற கலிஃபோர்னியா கார் வேலைக்காரர் ஒரே ஒரு டாலருக்கு அதை வாங்கி வைத்திருந்தார். டிவி தொடருக்குக் கார் கேட்டு வந்தபோது கையில் இருந்தது மூன்று வாரம். குமிழும் இறக்கையும் ஏற்கெனவே இருந்ததால்தான் அவ்வளவு சீக்கிரம் முடிந்தது. இறக்கையை நீட்டி, மூக்கை மாற்றி, கருப்படித்து, ஓரமெல்லாம் செக்கச்சிவந்த கோடு இழுத்தார்கள். 2013 ஜனவரியில் அதே வண்டி ஏலத்தில் 42 லட்சம் டாலருக்குப் போனது.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்ட விஷயம் வேறு. தொடர் பிரபலமானதும் ஊர் ஊராகக் காட்சிக்கு அனுப்ப வண்டி போதவில்லை. பாரிஸ் அசல் காரின்மேல் அச்செடுத்து ஃபைபரில் நகல்கள் செய்து, சாதாரண ஃபோர்டு சேஸிஸ்மேல் உட்கார வைத்து அனுப்பினார். அசலைச் செய்தவரே நகலை ஃபைபரில் செய்தார் என்றால், நாமும் ஃபைபரில் செய்வதில் குறைவு ஒன்றுமில்லை.

ஆனால் எங்களால் முடியாது என்று முடிவெடுத்தோம். ஃப்யூச்சுராவின் நீளம் ஐந்தே முக்கால் மீட்டர் வரும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 3.2 மீட்டர். நமக்குக் கிடைக்கும் பெரிய பழைய கார் அம்பாசடர், அதன் நீளம் 4.3 மீட்டர்தான். சக்கர இடைவெளி இரண்டரை மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. சேஸிஸை வெட்டி நீட்டாமல் அந்த உடம்பு அதன்மேல் உட்காராது. நீட்டினால் பிரேக் பைப், ஷாப்ட், ஸ்டியரிங் எல்லாவற்றையும் தொட வேண்டும். தொட்ட வண்டியில் பிள்ளைகளை ஏற்ற அண்ணன் ஒப்பமாட்டார். நானும் ஒப்பமாட்டேன்.

கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டுப் பணத்தைத் திருப்பலாம் என்று ஒரு தம்பி சொன்னான். அதற்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. அமெரிக்காவில் பேட்மேன் கார் நகல்கள் செய்து விற்ற ஒரு பட்டறைக்காரர்மேல், பேட்மேன் கதையை வெளியிடும் டி.சி. காமிக்ஸ் வழக்குப் போட்டது. 2015-இல் அங்கத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தக் காரே ஒரு கதாபாத்திரம்போல் பதிப்புரிமைக்கு (காப்பிரைட்) உரியது என்று தீர்ப்புச் சொன்னது. அது அந்த நாட்டுத் தீர்ப்பு. கோயில் ஊர்வலத்துக்குச் செய்வது வேறு, தொழிலாக வாடகைக்கு விடுவது வேறு என்ற பாகுபாட்டை நாம் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

டெலோரியனில் வேறு கஷ்டம். அது வட அயர்லாந்தில் டன்மரி என்ற ஊரில் 1981 முதல் கொஞ்ச காலம் மட்டும் செய்த கார். வெளித்தகரம் பெயின்ட் அடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நம் சமையலறைப் பாத்திரத்தின் அதே 304 ரகம். தகடு கோவையில் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். ஆனால் டிங்கரிங் வேலையில் பாதி பட்டி பூசுவதிலேதான் இருக்கிறது. சுத்தியல் தட்டிய பள்ளத்தைப் பட்டி நிரப்பும், பெயின்ட் மறைக்கும். பெயின்டே இல்லாத தகட்டில் ஒவ்வொரு அடியும் தெரியும். "இதுல நம்ம கை எழுத்து அப்படியே நிக்கும்" என்று அண்ணன் தகட்டைக் கீழே வைத்துவிட்டார். மேலும் அந்தக் காரின் உயரம் 1.14 மீட்டர்தான், என் மார்பு உயரம்கூட இல்லை. எந்த இந்தியக் காரை எடுத்தாலும் கூரையை அறுத்து இறக்க வேண்டும். மேலே தூக்கும் கதவுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பி விமானக் கம்பெனியான கிரம்மன் வடிவமைத்தது. நாம் கேஸ் ஷாக்கர் வைத்து ஒப்பேற்றலாம்தான். ஆனாலும் இத்தனை பாடுபட்டபிறகு எங்கள் ஊரில் "இறக்கை வெச்ச காரு" என்ற பேர்தான் கிடைக்கும்.

புஜ்ஜியைப் பற்றிப் பையன்களிடம் அளவை மட்டும் சொன்னேன். எடை ஆறு டன். அகலம் 3.38 மீட்டர். சாலையில் ஓடும் வண்டிக்கு நம் விதி அனுமதிக்கும் அகலம் 2.6 மீட்டர். எங்கள் தேரடித் தெருவில் எதிரே ஒரு பேருந்து வந்தால் இரண்டும் அப்படியே நிற்க வேண்டியதுதான். கிட்டுக்கு மூக்கில் ஓடும் சிவப்பு விளக்குத்தான் உயிர். எல்.இ.டி. பட்டி ஒன்று போதும், ஏழு வண்டியில் அதுதான் மலிவு. ஆனால் வண்டியின் முன்பக்கம் சிவப்பு விளக்கு எரியக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. விளக்கை அணைத்தால் அது கருப்பு கார்.

சட்டம் பற்றிப் பையன்கள் பேசாமல் கடந்துபோகப் பார்த்தார்கள், நான் விடவில்லை. எங்கள் பக்கம் இது வெறும் பேச்சில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சி புக்கில் இருக்கும் கம்பெனி விவரத்திலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது, அந்த வழக்கு போனதே கேரளத்திலிருந்து. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். இறக்கைக்கு ஒன்று, குமிழுக்கு ஒன்று, டயருக்கு ஒன்று. 2021-இல் கண்ணூரில் பயண வீடியோ போடும் சகோதரர்கள் இருவரின் வேனை எடுத்துப் போனதும், அலுவலகத்தில் வாக்குவாதமாகி அவர்கள் கைதானதும் கேரளம் முழுக்கப் பேச்சாக இருந்தது.

எனக்கு இதில் சொந்த அனுபவமும் இருக்கிறது. சுற்றுலாப் பேருந்துகளுக்குப் படம் ஒட்டுவதுதான் ஒரு காலத்தில் என் கடைக்குச் சோறு போட்டது. இந்த மாநிலத்தில் டூரிஸ்ட் பஸ் என்பதே ஓடும் சினிமா போஸ்டர். சூப்பர் ஹீரோ, சிங்கம், ரசிகர் மன்றத் தலைவர் என்று பக்கம் முழுக்க ஒட்டி, உள்ளே கலர் லைட் போட்டு, பஸ்ஸுக்கே ரசிகர்கள் இருந்தார்கள். 2022 அக்டோபரில் எங்கள் மாவட்டத்து வடக்கஞ்சேரியில், பள்ளிப் பிள்ளைகளை ஊட்டிக்கு ஏற்றிப்போன சுற்றுலாப் பேருந்து வேகமாக வந்து அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. ஒன்பது உயிர் போனது, அதில் ஐந்து பேர் மாணவர்கள். அதன்பின் எல்லா டூரிஸ்ட் பஸ்ஸுக்கும் வெள்ளை நிறத்தைக் கண்டிப்பாக்கினார்கள். மோதியது வேகத்தால், ஸ்டிக்கரால் இல்லை. இருந்தாலும் அந்தப் பிள்ளைகளை நினைத்தால் என் வியாபாரம் போனதைப் பற்றி வாய் திறக்கத் தோன்றவில்லை. ஒரு வண்டியை வேடிக்கைப் பொருளாக்கும்போது அது வண்டி என்பது மறந்துவிடுகிறது. அந்தப் பயம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அடுத்த மாதமே கோதமங்கலம் பக்கம் இன்னொன்று நடந்தது. கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த அரசுப் பேருந்தை, 2001-இல் வந்த மலையாள நகைச்சுவைப் படமான ஈ பறக்கும் தளிகையின் பேருந்துபோல இலைதழையால் மூடி ஓட்டினார்கள். வழக்காகிவிட்டது. சினிமா வண்டியைச் சாலையில் ஓட்ட நினைப்பவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே முறைகள் மூன்றுதான். வண்டியை வெட்டி ஒட்டி ஓட்டுவது: சாலையில் முடியாது, தனியார் இடத்துக்குள் மட்டும் முடியும். ஃபைபர் கூட்டை டிராக்டர் டிரெய்லரிலோ லாரியிலோ ஏற்றிக் காட்சிப் பொருளாகக் கொண்டுபோவது: இதற்குப் போலீஸில் ஊர்வல அனுமதி வாங்க வேண்டும், மின்கம்பி உயரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, வண்டியைத் தொடாமல் கழற்றி மாட்டும் சாமான்களாலும் ஸ்டிக்கராலும் வேஷம் கட்டுவது. வடிவக் கார் வேண்டும் என்பவர்கள் இரண்டாவதற்குப் போகலாம், நன்றாகவும் வரும். ஆனால் டிரெய்லர்மேல் நிற்கும் காரைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்க மட்டுமே முடியும். கதவைத் திறந்து உள்ளே உட்கார முடியாது. எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை.

பேரால் தெரியும் வண்டிகள்மேல் எனக்குத் தனிப் பாசம். 1985-இல் வந்த படிக்காதவன் படத்தில் ரஜினியின் டாக்ஸிக்கு லட்சுமி என்று பேர். 1990-இல் வந்த ஏய் ஆட்டோ படத்தில் கோழிக்கோட்டு ஆட்டோக்காரராக மோகன்லால் ஓட்டுவது சுந்தரி. எங்கள் வீட்டில் அப்பா முதலாவதின் கட்சி, அம்மா இரண்டாவதின் கட்சி. கண்ணாடிக் கதவில் அந்த உருவங்களுக்குமேல் பேரை எழுதியவுடன் ஐம்பது வயதுக்காரர்கள் நின்று சிரித்தார்கள். செலவு என்று பார்த்தால் சுந்தரிக்கு ஒரு ஸ்டாண்டு ஆட்டோ, ஒரு டப்பா பெயின்ட். லட்சுமிக்குப் பழைய பியட் வேண்டும். நல்ல நிலையில் கிடைத்தால் அதை வைத்திருப்பவர் தரமாட்டார், தரக்கூடியதற்குத் தரை ஓட்டையாக இருக்கும். ஸ்டியரிங்கோடு ஒட்டிய கியரைப் போட இன்றைக்குப் பையன்களுக்குத் தெரியாது.

இவற்றை நாங்கள் விட்டது செலவுக்காக இல்லை. எங்கள் ஊர் அப்படி. ஒரே தெருவில் ஒரு வீடு தமிழ்ப் படம் பார்க்கும், அடுத்த வீடு மலையாளப் படம் பார்க்கும், பல வீட்டில் ஒரே சோபாவில் உட்கார்ந்தே ரெண்டும் நடக்கும். லட்சுமியை எடுத்தால் மலையாளம் பேசும் பிள்ளை ஒதுங்கி நிற்கும். சுந்தரியை எடுத்தால் தமிழ் மீடியம் பிள்ளை ஒதுங்கும். கோயில் ஊர்வலத்தில் யாரும் ஒதுங்கி நிற்கக் கூடாது. பொள்ளாச்சிப் பக்கமோ, முழுக்க மலையாளம் பேசும் ஊரிலோ இருந்திருந்தால் நான் தயங்காமல் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்லியிருப்பேன்.

மிஸ்டர் பீன் பேசுவதே இல்லை, அதிகம் போனால் ஒரு முனகல். 1990-இல் இங்கிலாந்தில் தொடங்கிய தொடர். மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாததால் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே சிரிப்பு. எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தைக்கும் அவரைத் தெரியும், எண்பது வயதுப் பாட்டிக்கும் தெரியும். அதை என் கதவிலேயே பார்த்தேன்.

அவருடைய கார் 1977-ஆம் ஆண்டு மினி 1000. பிஞ்சு எலுமிச்சை நிறம், பளபளப்பில்லாத கருப்பு பானெட், ஓட்டுநர் கதவில் வெளிப்புறமாக ஒரு கொண்டியும் பூட்டும். இந்த மூன்றும் இருந்தால் அது பீன் வண்டி, இல்லாவிட்டால் மாருதி. கதவுப் பரீட்சையில் ஜனங்கள் "மாருதிங்களா" என்று கேட்டது தற்செயல் இல்லை. 1956 சூயஸ் நெருக்கடியில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபிறகு, சின்னக் காருக்குள் நாலு பேரை உட்கார வைக்க அலெக் இஸ்ஸிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே திருப்பி முன்சக்கரத்தோடு இணைத்தார். 1959-இல் மினி வந்தது. 1983-இல் வந்த நம் மாருதி 800-லும் எஞ்சின் குறுக்கேதான், இழுப்பது முன்சக்கரம்தான். ஒரே யோசனையில் பிறந்ததால் ஒரே ஜாடை. அகலத்தில் மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம், உயரத்தில் ஆறு. நீளத்தில் மாருதி ஒரு சாணுக்குச் சற்று அதிகம். ஸ்டியரிங்கும் வலப்பக்கம், அமெரிக்கக் கார்களைப்போல இடம் மாற்றும் பிரச்சினை இல்லை.

ஒத்துவராதவற்றையும் சொல்கிறேன். மினிக்கு ரெண்டு கதவு, மாருதிக்குப் பக்கவாட்டில் நாலு. மினியின் சக்கரம் 10 இன்ச், மாருதியுடையது 12. மினியின் கண் உருண்டை, மாருதியின் கண் சதுரம். பின்கதவை ஊர்வலத்தன்று திறக்காமல் வைத்து, இடைவெளிக்கோட்டின்மேல் அதே பச்சைப் பட்டை ஒட்டிவிடலாம், பிறகு உரித்துவிடலாம். சக்கரத்தை நாங்கள் தொடப்போவதில்லை.

கண்ணுக்குத்தான் கொஞ்சம் வேலை. மினியில் இருப்பது ஏழு இன்ச் உருண்டை விளக்கு. அம்பாசடரிலும் பழைய மஹிந்திரா ஜீப்பிலும் அதே ஏழு இன்ச்தான், கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். அந்த விளக்கும் மீசைபோன்ற கிரில்லும் சேர்த்து ஒரு ஃபைபர் முகமூடி செய்து, வண்டி நிற்கும்போது மாட்டி, ஓடும்போது கழற்றுவது என்று திட்டம். முதல் முயற்சியில் நானும் அண்ணனும் அவசரப்பட்டோம். தெர்மோகோலில் உருவம் செதுக்கி அதன்மேல் நேரடியாக ரெசின் பூசினோம். பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும். கண்முன்னே ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை கூழானது. தெர்மோகோலின்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி, தேய்த்து, மெழுகு போட்டு, அதற்கப்புறம்தான் கண்ணாடி இழை மேட்டும் ரெசினும் வைக்க வேண்டும். இன்னொன்றும் இதைச் செய்யும் தம்பிகள் மறக்கக் கூடாது: ரெசினில் கலக்கும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேருக்கு நேர் ஒன்றாக ஊற்றவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்ட்னர்.

ஸ்டிக்கர் என் சொந்த இலாகா, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கடையில் ரெண்டு ரக வினைல் இருக்கும். உருட்டி இழுத்துச் செய்த காலண்டர் ரகம் மலிவு, ஆனால் இழுத்த தாள் திரும்பச் சுருங்கப் பார்க்கும். பாலக்காட்டுக் கணவாயில் மாசி பங்குனியில் அடிக்கும் அனல்காற்றில் மூன்றே வாரத்தில் ஓரம் தூக்கிவிடும். ஊற்றிக் காயவைத்த காஸ்ட் ரகம் விலை கூட, வளைவில் தோல்போல உட்காரும். எங்கள் கணக்கு: பானெட், வீல் ஆர்ச், பம்பர் ஓரம் ஆகிய வளைவுகளுக்குக் காஸ்ட், கதவு போன்ற தட்டையான இடங்களுக்குக் காலண்டர். ரெண்டு ரகத்திலும் பச்சை ஒரே பச்சையாக இருக்கிறதா என்று ஷேட் கார்டை வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும், டியூப் லைட்டில் பார்த்தால் ஏமாறுவோம். மேட் கருப்பு பானெட் எனக்குக் கிடைத்த வரம், சின்னச் சின்னக் காற்றுக் குமிழை அது காட்டாது.

வண்டி வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பட்டி போட்டு மறுபெயின்ட் அடித்ததா, கம்பெனி பெயின்டா? மறுபெயின்டின்மேல் ஒட்டினால் உரிக்கும்போது பெயின்டும் கூடவே வரும். இன்னொரு விஷயம் எல்லைக்காரர்களுக்கு மட்டும். பொள்ளாச்சியில் டிஎன் 41 மாருதி நல்ல விலைக்கு வந்தது. ஆனால் வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்குமேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். அங்கே என்.ஓ.சி., இங்கே வரி, அலைச்சல். பார்வைக்கு ஒரு படி குறைவானாலும் கேஎல் 70 நம்பர் வண்டியையே எடுத்தோம். மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. கடைசியாக வந்த வண்டிகளுக்கும் பதினைந்து வருடம் நெருங்குகிறது. ஆர்சி எந்த வருடம் வரை செல்லும் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி விலை பேசுங்கள்.

நிறத்துக்கு மட்டும் சித்தூர் ஆர்டிஓ அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம் (ஆந்திராச் சித்தூர் இல்லை, எங்கள் தாலுக்காச் சித்தூர்). நிறத்தை மாற்றினால் ஆர்சியில் பதிய வேண்டும், ஸ்டிக்கராக இருந்தாலும் வண்டி பச்சையாகத்தானே தெரியும். படத்தில் வரும் நம்பர் பிளேட்டைச் செய்து தரச்சொல்லிப் பையன்கள் கெஞ்சினார்கள், முடியாது என்று சொல்லிவிட்டேன். வண்டியின் நம்பர் வண்டியிலேயே இருக்கும். பூட்டும் கொண்டியும் துளை போடாமல் டபுள் சைடு டேப்பில் நிற்கும். கூரைமேல் சோபாவைக் கட்டி அதில் உட்கார்ந்து துடைப்பத்தால் கார் ஓட்டும் காட்சி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சோபாவைத் தெர்மோகோலில் செய்து துணி போர்த்தி, கோயில் மைதானத்தில் வண்டி நின்றபிறகுதான் மேலே வைப்போம். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றரை லட்சத்தில் பாதிக்குமேல் வண்டிக்கே போனது. வினைலும் ரெசினும் வாங்கியபிறகும் கையில் மிச்சம் இருக்கிறது. புஜ்ஜி கேட்ட தம்பிகளுக்கு அதை வைத்து அடுத்த வருடம் டிராக்டர் டிரெய்லரில் ஃபைபர் கூடு கட்டித் தருவதாக அண்ணன் வாக்குக் கொடுத்திருக்கிறார். அகலத்தை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம் பானெட்டுக்கு மட்டும் கருப்பு ஒட்டி முடித்தேன். பச்சை இன்னும் சுருளாகவே மூலையில் நிற்கிறது, வண்டியின் மற்ற இடமெல்லாம் பழைய வெள்ளைதான். ரேஷன் அரிசிப் பையோடு போன ஒரு அம்மா பட்டறை வாசலில் நின்று வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, மேல கட்டற சோபா எங்க?"